வக்கிரக் கோயிலும் வான்வழியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும், பெரியவங்க தூங்கிடவும் கூடாது" என்று இரண்டு நிபந்தனை போட்டார். இரண்டையும் ஒன்றாக நிறைவேற்றுவது கஷ்டம். முயற்சி பண்ணுகிறேன்.

நான் திருவக்கரைக்காரன். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் கல்மரத்தால் தெரியும். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. உள்ளூர்க்காரர்களுக்கு வக்கிரகாளியம்மனால் தெரியும். பௌர்ணமி ராத்திரி திண்டிவனம், விழுப்புரம், பாண்டிச்சேரி என்று எல்லாப் பக்கமிருந்தும் பஸ் வரும். அந்தச் சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கு ஒரு விசேஷம் சொல்லுவார்கள். மற்றக் கோயில்களில் ராஜகோபுரம், கொடிமரம், நந்தி, மூலவர் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எங்கள் கோயிலில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகி இருக்கும். சின்ன வயசில் என் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "நேரா இருக்கும்னு நெனச்சு நடக்காதடா, பாத்து நட" என்பாள். நான் 30 வருஷத்துக்கு மேல் விமான நிலையங்களில் வழிகாட்டும் கருவிகளோடு வேலை பார்த்தேன். அந்த வேலைக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் பாடம்.

இப்போது எல்லார் சட்டைப்பையிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. இந்த மண்டபத்துக்கு வழி கேட்காமலே வந்திருப்பீர்கள். அது எப்படி வேலை செய்கிறது? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் துணைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இத்தனை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி நம்மிடம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். நாலு துணைக்கோள் கிடைத்தால் நம் இடமும் உயரமும் நம் கடிகாரத்தின் பிழையும் தெரிந்துவிடும். பிளஸ் டூ கணக்குத்தான்.

ஆனால் இதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. வழி முழுக்கச் சிக்னல் ஒரே வேகத்தில் வந்தது என்று நாம் நம்புகிறோம். அது உண்மை இல்லை. தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலே ஆரம்பித்து ஆயிரம் கிலோமீட்டர் உயரம் வரைக்கும் அயனி மண்டலம் இருக்கிறது. சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்று அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டுவிடுகின்றன. அந்த எலக்ட்ரான் கூட்டத்துக்குள் நுழைந்தால் சிக்னல் கொஞ்சம் தாமதமாகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி.

தாமதம் எவ்வளவு? ஒரு மைக்ரோ விநாடி தப்பினால் 300 மீட்டர் தப்பு. அயனி மண்டலம் அவ்வளவு செய்யாது. அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டர் உள்ள ஒரு தூணை விண்ணுக்கு எழுப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உள்ள எலக்ட்ரான்களை எண்ணுவோம். ஒன்றுக்குப் பின்னால் 16 பூஜ்யம் போட்டால் அது ஓர் அலகு. ஓர் அலகுக்குத் தூரக் கணக்கில் சுமார் 16 சென்டிமீட்டர் பிழை வரும். சூரியன் உக்கிரமாக இருக்கும் வருஷங்களில், நம் நாட்டின் மேலே பிற்பகல் நேரத்தில் 100 அலகு சாதாரணமாக வரும். அப்போது நேர் மேலே இருக்கிற துணைக்கோளுக்கே 16 மீட்டர் பிழை. அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக வரும் சிக்னலுக்கு அது 2, 3 மடங்காகும்.

எல்லாத் துணைக்கோளுக்கும் ஒரே அளவு தாமதம் என்றால் கவலையே இல்லை. அது கடிகாரப் பிழையோடு சேர்ந்து கழிந்துவிடும். வடக்கே ஒரு அளவு, தெற்கே ஒரு அளவு என்று மாறுவதுதான் வம்பு. சரி, பத்து மீட்டர் தப்பினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். காரில் போகிறவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் தரையிறங்கும் பயணி விமானம் ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடக்கும்போது அதன் உயரம் ஏறக்குறைய 50 அடி, அதாவது 15 மீட்டர். ஜி.பி.எஸ்.சில் மற்ற எதையும் விட உயரத்தில்தான் பிழை அதிகம் வரும். இப்போது இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது உலகத்துக்கே உள்ள பிரச்சினைதானே, நம் ஊருக்கு என்ன விசேஷம்? இருக்கிறது. பூமியின் காந்தக்கோடுகள் துருவத்தில் செங்குத்தாக நிற்கும். ஒரு இடத்தில் தரைக்கு இணையாகப் படுத்துவிடும். அந்த இடங்களைச் சேர்த்தால் வருவது காந்த நடுக்கோடு. பூகோளப் புத்தகத்தில் உள்ள பூமத்திய ரேகை இலங்கைக்கும் தெற்கே போகிறது. ஆனால் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21ஆம் தேதி முதல் ராக்கெட்டைத் தும்பாவிலிருந்து விட்டதற்கு இதுதான் காரணம். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் இதுதான் காரணம். கோடைக்கானல் வானாய்வகத்தில் 1950களிலேயே ரேடியோ அலையை மேலே அனுப்பி, அது திரும்பி வருவதைப் பதிவு செய்து அயனி மண்டலத்தை அளந்திருக்கிறார்கள். உலக விஞ்ஞானிகள் நம் தமிழ்நாட்டு வானத்தைத் தேடி வந்த காலம் அது.

காந்த நடுக்கோட்டின் மேலே பகலில் என்ன நடக்கிறது? அங்கே கிழக்கு நோக்கிய மின்புலம் இருக்கிறது. காந்தப்புலம் வடக்கு நோக்கிப் படுத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து எலக்ட்ரான் கூட்டத்தை மேலே தூக்குகின்றன. மேலே போனது காந்தக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் இறங்குகிறது. பொங்கல் பானை நடுவில் பொங்கி இரண்டு பக்கமும் வழிவது போல. அதனால் நடுவில் குறைவாகவும், காந்த நடுக்கோட்டிலிருந்து சுமார் 15 பாகை தள்ளி இரண்டு பக்கமும் அதிகமாகவும் எலக்ட்ரான் சேர்கிறது. வடக்குப் பக்கத்து வழிசல் அகமதாபாத், கொல்கத்தா வாக்கில் விழுகிறது. இங்கிலாந்தின் ஆப்பிள்டன் 1946இல் இதைப் பற்றி எழுதினார். கொல்கத்தாவின் எஸ்.கே. மித்ராவும் அந்த நாளிலேயே இதை ஆராய்ந்தவர். ஆக, கன்னியாகுமரியிலிருந்து போபால் போவதற்குள் அயனி மண்டலம் பள்ளத்திலிருந்து மேடேறிவிடுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான நாட்களில் அது சமதரை மாதிரி. நமக்கோ மலைப்பாதை.

பகல் கதை இது. ராத்திரிக் கதை இன்னும் மோசம். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் அந்த மேல்நோக்கிய தூக்கல் ஒரு தடவை திடீரென்று வலுக்கிறது. அடர்த்தியான அடுக்கு உயரே போய்விடுகிறது, கீழே எலக்ட்ரான் தேய்ந்துபோன லேசான பகுதி நிற்கிறது. எண்ணெய் மேலே தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? எண்ணெய் குமிழ் குமிழாக மேலே வரும் அல்லவா? அதேதான். எலக்ட்ரான் குறைந்த பெரிய குமிழ்கள் கிளம்பி, காந்தக்கோடு வழியாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டு, கிழக்கே நகர்ந்துகொண்டே போகும். அந்தக் குமிழின் ஓரங்களில் சிக்னல் பட்டால் நட்சத்திரம் மாதிரி மினுக்கும். மினுக்கல் பலமானால் கருவி அந்தத் துணைக்கோளைத் தவறவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், சூரியன் உச்சத்தில் இருக்கும் வருஷங்களில், இரவு 7 மணி வாக்கில் தொடங்கி நடுநிசி வரைக்கும் இதை எதிர்பார்க்கலாம். வானத்தில் ஒரு மேகம் இருக்காது. கண்ணுக்கு எல்லாம் நிர்மலமாக இருக்கும்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2002 மார்ச் மாதம். தெற்கே ஒரு விமான நிலையத்தில் ஓடுபாதையின் இடக்குறிப்புகளை ஜி.பி.எஸ். வைத்து அளந்துகொண்டிருந்தோம். எனக்கு உதவியாகப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். சாயங்காலம் ஏழரை மணிக்கு அளவு உடைந்துபோயிற்று. துணைக்கோள் ஒவ்வொன்றாக விழுகிறது, வருகிறது, விழுகிறது. "என்னப்பா கேபிள் மாட்டியிருக்கே?" என்று கத்தினேன். "கேபிள் நல்லாத்தான் சார் இருக்கு" என்றான். கழற்றி மாட்டச் சொன்னேன். மறுநாளும் அதே நேரத்தில் அதே கூத்து. கேபிளை மாற்றினோம். மூன்றாம் நாளும் அப்படியே. அவன் தயங்கித் தயங்கி, "சார், தினமும் ஒரே நேரத்துல வருதே, கேபிள் நேரம் பாத்தா கெடும்?" என்று கேட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வேலையில் கவனக்குறைவு என்று கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து அயனி மண்டலத்தில் பழுத்த ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "எந்த மாசம்? எத்தனை மணி?" நான் பதில் சொன்னதும் சிரித்துவிட்டார். "உம்ம கேபிள்ல ஒண்ணும் இல்லை ஐயா. நீர் குமிழ் எண்ணிக்கிட்டு இருந்திருக்கீர்" என்றார். ஓடிப்போய் இன்னொரு குறிப்பு எழுதி முதல் குறிப்பை வாபஸ் வாங்கினேன். ஆனால் அதற்குள் அந்த வருஷப் பயிற்சிக்கான பட்டியலில் அவன் பெயர் விடுபட்டுப் போயிருந்தது. பாட்டி சொன்னது அன்றைக்குத்தான் உறைத்தது. எல்லாம் நேராக இருக்கும் என்று நினைத்து நடந்தவன் நான்தான்.

இப்போது நாடு என்ன செய்தது என்று பார்ப்போம். இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து "ககன்" என்ற அமைப்பை உருவாக்கின. ககனம் என்றால் ஆகாயம். தத்துவம் ரொம்ப எளிது. திருவனந்தபுரம், பெங்களூரு, போர்ட் பிளேர், அகமதாபாத், கௌகாத்தி என்று நாடெங்கும் 15 இடங்களில் கண்காணிப்பு நிலையங்கள். ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பது சென்டிமீட்டர் சுத்தமாகத் தெரியும். அப்படியானால் ஜி.பி.எஸ். சொல்லும் தூரத்தில் எவ்வளவு தப்பு என்றும் தெரியும். இந்தக் கணக்கெல்லாம் பெங்களூருக்குப் போகிறது. அங்கிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் துணைக்கோளுக்குப் போகிறது. அது திருத்தத்தை ஜி.பி.எஸ். அலைவரிசையிலேயே விமானங்களுக்கு ஒலிபரப்புகிறது.

எழுதும்போது எளிது. 2007இல் செயல்விளக்கம் முடிந்தது. 2010 ஏப்ரலில் ககன் கருவியைச் சுமந்த ஜிசாட் 4, ராக்கெட் தோல்வியால் கடலுக்குப் போயிற்று. 2011இல் ஜிசாட் 8, 2012இல் ஜிசாட் 10, 2015இல் ஜிசாட் 15 என்று பின்னால் அனுப்பினார்கள். ஆனால் துணைக்கோளை விடப் பெரிய தலைவலி அயனி மண்டலம்தான். அமெரிக்க அமைப்பு 2003இலேயே சேவைக்கு வந்துவிட்டது. அவர்கள் அயனி மண்டலத்தை 350 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே மெல்லிய ஓடாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். அவர்கள் வானத்துக்கு அது போதும். பொங்கி வழியும் நம் வானத்துக்குப் போதவில்லை. எனவே இஸ்ரோ பல அடுக்குகளாக வைத்துக் கணக்கிடும் முறையை இங்கேயே உருவாக்கியது. 2013 டிசம்பரில் வழிப்பயணத்துக்கும், 2015 ஏப்ரலில் செங்குத்து வழிகாட்டலோடு இறங்குவதற்கும் ககனுக்குச் சான்று கிடைத்தது. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் இந்தச் சான்று பெற்ற முதல் அமைப்பு இதுதான். 2022 ஏப்ரல் 28ஆம் தேதி இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் ககன் துணையோடு இறங்கிக் காட்டியது.

இதனால் சாதாரண ஜனங்களுக்கு என்ன லாபம்? பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதையின் முனையில் இறங்குவதற்கு வழிகாட்டும் ரேடியோக் கருவிகள் உண்டு. ஒவ்வொரு முனைக்கும் தனியாக வைக்க வேண்டும், பராமரிக்க வேண்டும். சின்ன ஊர்களுக்குக் கட்டுபடியாகாது. அங்கே மேகம் தாழ்ந்தால் விமானம் திரும்பிப் போகும், இல்லையென்றால் விமானி உயரத்தைத் தானே கணித்துக்கொண்டு இறங்க வேண்டும். ககன் இருந்தால் தரையில் கருவி இல்லாமலே சுமார் 250 அடி உயரம் வரைக்கும் வழிகாட்டல் கிடைக்கும். நம் பாண்டிச்சேரி லாஸ்பேட்டை மாதிரிச் சின்ன நிலையங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. ககன் திருத்தத்தை மட்டும் அனுப்புவதில்லை. ஐந்து பாகைக்கு ஒரு புள்ளியாக நாட்டின் மேல் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும், "தாமதம் இவ்வளவு, நான் தப்பாக இருந்தாலும் இதற்கு மேல் தப்பாக இருக்க மாட்டேன்" என்று ஒரு எல்லையையும் சேர்த்து அனுப்புகிறது. இறங்கும்போது கிடையாக 40 மீட்டர், செங்குத்தாக 50 மீட்டர் என்று வரம்பு. கணக்கிட்ட எல்லை அந்த வரம்பைத் தாண்டினால் விமானியிடம், "என்னை நம்பாதே" என்று சொல்லிவிடும். தப்பு நேர்ந்தால் 10 விநாடிக்குள் எச்சரிக்க வேண்டும். எச்சரிக்காமல் ஏமாற்றுவது ஒரு கோடி இறக்கத்தில் 2 தடவைக்கு மேல் கூடாது என்பது விதி.

இரண்டு கண்காணிப்பு நிலையங்களுக்கு நடுவே ஒரு குமிழ் நழுவிப் போய்விடலாம். யார் கண்ணிலும் படாது. அதனால் சந்தேகம் வந்தால் எல்லையைப் பெரிதாக்கத்தான் வேண்டும். பெரிதாக்கினால் சில மாலைகளில் சேவை கிடைக்காது. கிடைக்கவே வேண்டும் என்று எல்லையைச் சுருக்கினால் என்றைக்காவது ஒரு நாள் பொய் சொல்லிவிடும். இந்த இழுபறிதான் நம்பகத்தன்மை என்கிற விஷயத்தின் உயிர்.

2003 அக்டோபர் கடைசியில் பெரிய சூரியப் புயல் வந்தது. அமெரிக்க அமைப்பில் செங்குத்து வழிகாட்டல் 29ஆம் தேதி சுமார் 15 மணி நேரமும், மறுநாள் சுமார் 11 மணி நேரமும் இல்லாமல் போயிற்று. பத்திரிகைக்காரர் பார்வையில் அது தோல்வி. என் பார்வையில் அது வெற்றி. அத்தனை குழப்பத்திலும் அது பொய் சொல்லவில்லை, கையை விரித்துவிட்டது. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த புயலில் லடாக்கின் ஹான்லேயிலேயே வானம் சிவந்தது. அமெரிக்காவில் ஜி.பி.எஸ். வைத்து உழுகிற டிராக்டர்கள் தடுமாறின.

ஒரு வார்த்தை. டெல்லி பக்கம் விமானங்களுக்குப் பொய்ச் சிக்னல் வந்ததாக 2025இல் செய்தி படித்திருப்பீர்கள். அது மனிதர்கள் செய்வது, வேறு விஷயம். நான் பேசுவது இயற்கையைப் பற்றி. ஆனால் இரண்டுக்கும் பாடம் ஒன்று. ஒரே கருவியை மட்டும் நம்பித் தரைக் கருவிகளை எல்லாம் பழைய இரும்புக்குப் போடக்கூடாது.

தீர்வு உண்டா என்றால், பாதி உண்டு. ஒரே துணைக்கோளிலிருந்து இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்கினால், குறைந்த அலைவரிசை அதிகம் தாமதிக்கும். இப்போது வரும் இரண்டாவது அலைவரிசையில் தாமதம் ஏறக்குறைய 1.8 மடங்கு. இரண்டின் வித்தியாசத்திலிருந்து தாமதத்தையே கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். விமானங்களுக்கும் அந்த முறை வரப்போகிறது. ஆனால் மினுக்கல்? சிக்னலே விழுந்துவிட்டால் எதிலிருந்து எதைக் கழிப்பது? அந்த மிச்சப் பாதிதான் இன்னும் கிடக்கிறது. குமிழ் இன்றைக்கு வருமா என்று மத்தியானமே சொல்ல முடியுமா? உலகத்தில் யாரும் இன்னும் உறுதியாகச் சொன்னபாடில்லை.

தம்பி தங்கைகளே, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். பெரிய விஞ்ஞானம் எல்லாம் வெளிநாட்டில் நடக்கும், நமக்கு இந்தச் சின்ன ஊர் என்று நினைக்காதீர்கள். இந்தப் பிரச்சினை நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. கிருஷ்ணாபுரம் ஒரு ராத்திரி ரயில் தூரம். இப்போது சில செல்போன்களிலேயே இரண்டு அலைவரிசை வாங்குகிறது. மாடியில் வைத்து ஒரு மார்ச் மாத மாலையில் எந்தத் துணைக்கோள் எத்தனை மணிக்கு மங்குகிறது என்று நோட்டில் குறித்து வாருங்கள். நம் இயற்பியல் துறைக்கு அது நல்ல ப்ராஜெக்ட்.

கடைசியாக, அந்தப் பையன். இன்று அவர் பெரிய பொறுப்பில் இருக்கிறார். நான் ஓய்வு பெற்ற அன்று தேடி வந்தார். கூச்சத்தோடு அந்தப் பழைய குறிப்பைப் பற்றிப் பேசி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், உங்க கண்ணுக்குக் கேபிள்தானே தெரிஞ்சுது" என்றார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனால் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நாம் வடிவமைத்த கருவிக்கு, தெரியாதபோது தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அந்தக் கோப்பில் எழுதுவதற்கு முன்னால் நானும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. தினமும் ஒரே நேரத்தில் ஏன் வருகிறது? வகுப்பில் இப்படிக் கேட்கிற பையனையும் பெண்ணையும் உட்கார வைத்துவிடாதீர்கள் என்று இங்கே இருக்கும் இளம் ஆசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பௌர்ணமிக்குத் திருவக்கரைக்கு வாருங்கள். அம்மனைத் தரிசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்கள். பார்த்து நடங்கள்.